வெறும் மணல்

மொன்றியலுக்கு வந்த நான்காம் வருடம் நான் பிரெஞ்சில் ஒரு பேச்சுப் பேசினேன். பத்து நிமிடப் பேச்சு. முடித்ததும் வகுப்பே கைதட்டியது. ஆசிரியை என் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டாள். என் முதலாளி எழுந்து நின்று தட்டினார். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

எங்கள் ஆட்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் அந்த அகதிக் காலத்துக் கதைகளைத் தொடங்கிவிடுவார்கள். பனியில் சறுக்கி விழுந்தது, ஒரே கட்டிலில் முறை வைத்துப் படுத்தது, குடிவரவு அதிகாரியிடம் உளறியது. நானும் என் பங்குக்குச் சொல்லுவேன், சிரிக்கவும் வைப்பேன். இதைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. பட்டதைச் சொல்ல எங்களுக்கு ஆயிரம் வாய். செய்ததைச் சொல்ல வரும்போது எல்லாருக்கும் தொண்டை கட்டிவிடும், எனக்கும்தான்.

நான் திருகோணமலைக்காரன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் எழுதுவினைஞனாக இருந்தேன். என் ஊர் பட்டணத்துக்கு வெளியே, வயலும் ஒரு சின்னக் குளமுமாகக் கிடந்த ஊர். கலவரத்தில் அது எரிந்தது. சனம் ஓடியது. என் மனைவி கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்தில் தன் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். நான் பெர்லின் வழியாக மொன்றியல் வந்து சேர்ந்தேன். ஓடி ஒரு வருடம் கழித்து, ஒரு கொழும்புச் செய்தித்தாளில் எங்கள் ஊரைப் பற்றி நாலு வரி வந்ததாக அவள் எழுதியிருந்தாள். காடு வெட்டிப் புதிய கிராமம் அமைக்கிறார்களாம். காடாம். என் அப்பா கட்டிய கல்வீடு அந்தக் காட்டுக்குள்தான் இருந்தது. அந்தக் கடிதத்தை வாசித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வேலைக்குப் போகிற வழி முழுக்க, மெட்ரோவில் இருந்தவர்கள் விலகி உட்காருமளவுக்கு, எனக்குள்ளேயே ஏசிக்கொண்டு போனேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேசிவிடக்கூடாது.

எனக்கு வேலை கிடைத்தது நகரத்தின் கிழக்கே, துறைமுகத்தை ஒட்டிய ஒரு குளிர்க் களஞ்சியத்தில். கொள்கலன்களில் வரும் பழங்களை இறக்கி, அழுகியதைப் பொறுக்கி எறிந்து, நல்லதைப் பெட்டி மாற்றி லொறிகளில் ஏற்ற வேண்டும். பனிக்காலத்தில் ஒரேஞ்சு என்கிற தோடம்பழம்தான் அதிகம். அதில் பாதி இஸ்ரேலிலிருந்து, அஷ்டோத் என்ற துறைமுகத்திலிருந்து வரும். முதலாளியும் அந்த ஊரவர்தான். ஐம்பதை நெருங்கிய, குட்டையான, இரண்டு கையையும் வீசிக் கதைக்கிற மனிதர். மொரோக்கோவில் பிறந்த யூதர். பதினேழு வயதில் குடும்பத்தோடு கப்பலேறி, அஷ்டோத்தில் இருபது வருடம் இருந்து, பிரெஞ்சு தெரியுமென்பதால் மொன்றியலுக்கு வந்தவர். எங்களிடம் ஆங்கிலத்தில் கதைப்பார். கோபம் வந்தால் பிரெஞ்சு. பழம் அழுகியிருந்தால் அரபு.

நான் துறைமுகத்தில் வேலை செய்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்துவிடுவார். அவருடைய கதை எப்போதும் ஒரு லொறியில் தொடங்கும். கப்பலிலிருந்து இறங்கிய குடும்பங்களை லொறியில் ஏற்றி, ஒரு பின்னேரம் மணல்மேடுகளுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்களாம். அவருடைய தாய் இறங்கமாட்டேன் என்று லொறியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். எங்களுக்கு நகரம் தருவதாகச் சொன்னீர்களே, எங்கே நகரம் என்று கேட்டாராம். சாரதி மணலைக் காட்டினானாம். இதைச் சொல்லி ஒவ்வொரு முறையும் தொடையில் தட்டிச் சிரிப்பார்; சிரிப்பு முடிகிற இடத்தில் கண் கலங்கியிருக்கும்.

முதலில் மின்நிலையம் எழுந்ததாம். அந்தக் கட்டட வேலையும் தெருப் போடுகிற வேலையும்தான் முதலில் வந்தவர்களின் சோறு. பிறகு வருடக்கணக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டினார்கள். துறைமுகம் திறந்ததும் வடக்கே இருந்த இரண்டு பழைய சின்னத் துறைமுகங்களை மூடிவிட்டார்கள். தெற்குப் பாலைவனத்தில் வெட்டியெடுத்த பொட்டாசும் பொஸ்பேட்டும் தோட்டங்களின் தோடம்பழமும் இந்த வழியாகத்தான் வெளியே போயின. கம்பளி நூல் ஆலை வந்தது, எண்ணெய் சுத்திகரிப்பு வந்தது, வேறு வேறு நாடுகளிலிருந்து புதுச் சனம் வந்துகொண்டே இருந்தது. மொரோக்கோக்காரர்கள் கிரேனுக்குக் கீழே நின்றார்கள். மேசைக்குப் பின்னால் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். அதில் அவருக்குத் தீராத காய்ச்சல். ஆனால் நாங்கள் கிரேனை நிறுத்தினால் நாடே நிற்கும் என்று சொல்லும்போது அந்தக் குட்டை மனிதர் ஓரடி வளர்ந்துவிடுவார்.

எனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. உண்மையாகவே பிடித்திருந்தது. எங்கள் திருகோணமலையில் கடவுளே கட்டிக்கொடுத்த துறைமுகம் இருக்கிறது, உலகத்துக் கப்பலெல்லாம் வந்து நிற்கலாம், ஆனால் அன்றைக்கு அதில் நாலு கப்பலும் ஒரு கூட்டம் காகமும்தான். இங்கே ஒன்றுமில்லாத கரையில் கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்டி, ஒரு நாட்டுக்கே சோறு போடுகிறார்கள். இதை நான் சொன்னபோது அவர் என் தோளில் ஓங்கித் தட்டினார். தோள் வலித்தது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பத்தோடு, இவருக்கு நிரந்தர வேலை உண்டு, குடும்பத்தைப் பார்க்கக்கூடியவர் என்று முதலாளி ஒரு கடிதம் தந்தால் காரியம் வேகமாக நடக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்குக் கடிதத்தில் இருக்கிற நம்பிக்கை கோயிலில்கூட இல்லை. முதலாளியிடம் கேட்டேன். பார்க்கலாம், வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு கிழமை போனது. நான்கு கிழமை போனது. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுகிற செய்தி ஒவ்வொரு நாளும் வந்துகொண்டிருந்தது. மனைவியின் கடிதங்கள் குறுகிக்கொண்டு வந்தன. கடைசியாக வந்ததில் பிள்ளை சுகம், பங்கர் வெட்டியிருக்கிறம் என்று இரண்டே விஷயம். எனக்கு முதலாளியின் கடிதம் வேண்டும். அதைத் தவிர வேறொன்றையும் நான் அந்த மாதங்களில் நினைக்கவில்லை.

வேலை முடிந்து கிழமையில் மூன்று நாள் கோட் டே நேஜ் பகுதியில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில், சின்னப் பிள்ளைகளுக்கான கதிரைகளில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து, இது மேசை, அது ஜன்னல் என்று படிப்போம். எனக்குப் பக்கத்துக் கதிரையில் காஸாவிலிருந்து வந்த ஒருவர். ஐம்பது வயது தாண்டியவர், ரொட்டி சுடுகிற வெதுப்பகத்தில் வேலை, கையில் எப்போதும் எள்ளு மணக்கும். எனக்கு ஆங்கிலம் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

காஸாதான் உங்கள் ஊரா என்று ஒருநாள் கேட்டேன். இல்லை, காஸா நாங்கள் ஓடிப்போன இடம் என்றார். ஊர் இஸ்தூத். பதின்மூன்று வயதில், ஒரு ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெற்கே நடந்தாராம். ஊருக்குப் புகையிரத நிலையம் இருந்தது, வாரச் சந்தை இருந்தது, மண்வீடுகள், இரண்டு பள்ளிக்கூடம். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேடுகள். அந்த மணலில் அத்தியும் திராட்சையும் வைத்திருந்தார்களாம். மணலுக்கு அடியில் ஈரம் இருக்கும், ஆழமாகத் தோண்டி நட்டால் பிடித்துக்கொள்ளும் என்று கையால் தோண்டிக் காட்டினார். கோடையில் பழம் பழுக்கும்போது வீட்டோடு போய் மணலில் பந்தல் போட்டு இருப்பார்களாம். அந்தக் கரையில் இப்போது என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இஸ்தூத், அஷ்டோத்: பெயரிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பதிலுக்கு என் ஊரைச் சொன்னேன். காடு வெட்டிய செய்தியையும் சொன்னேன். அவர், உன் அப்பாவின் வீட்டில் என்ன மரம் நின்றது என்று கேட்டார். நாலு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

வகுப்பு முடிகிற மாதத்தில் ஆசிரியை ஒரு வேலை கொடுத்தாள். ஒவ்வொருவரும் ஒரு நகரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். சொந்த ஊராக இருக்கக்கூடாது, அதன் வரலாறும் தொழிலும் வர வேண்டும். எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அஷ்டோத்தைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டதை எழுதினாலே போதும். பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொன்னேன். அவருடைய முகம் ஒரு மாதிரிப் போனது. உங்கள் ஊரும் வருகிறது என்றேன். எழுதியதைக் காட்டினேன். அதில் மூன்று வசனம் இருந்தது: இந்த நகரத்துக்குத் தெற்கே இஸ்தூத் என்ற சிறிய ஊர் இருந்தது. அங்கே வாரச் சந்தை கூடியது. அதன் மக்கள் மணலில் அத்தியும் திராட்சையும் வளர்த்தார்கள்.

அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பேனையை வாங்கி, சிறிய என்ற சொல்லை வெட்டினார். அது பெரிய ஊர் என்றார். அன்றைக்கு இடைவேளையில் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார்.

பிறகுதான் எனக்குப் புத்தி கெட்டது. கடைசி நாளைச் சின்ன விழாவாக வைப்போம், நீங்கள் யாரையாவது அழைத்து வரலாம் என்று ஆசிரியை சொன்னாள். ஊரில் விழா என்றால் எங்களுக்குத் தலைமை தாங்க ஒரு பெரிய மனிதர் வேண்டும். அவருக்கு மாலை போட வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும். அவர் குளிர்ந்துபோன நேரத்தில் ஆகவேண்டிய காரியத்தைக் காதில் போட வேண்டும். இப்படித்தான் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது, குளத்துக்குக் கட்டு வந்தது. எனக்கும் அந்தப் பழக்கமே கைகொடுக்கும் என்று நினைத்தேன். முதலாளியை அழைத்தேன். உங்கள் நகரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, கட்டாயம் வருகிறேன் என்றார்.

என்னோடு அறையில் இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், உலக அரசியலில் கரைகண்டவர். மண்ணை இழந்த சனம் திரும்பப் பிடித்துக் காட்டியிருக்கிறது, நாங்களும் அவர்களைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று இஸ்ரேலைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். அதே நாட்டவரை அழைத்து எங்கள் அரசு தன் படைகளுக்குப் பயிற்சி கொடுப்பித்த செய்தியும் வந்திருந்தது. அண்ணை அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிவிடுவார். அவரிடம் பேச்சைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தவர், மூன்று வசனம் வந்ததும் கையை உயர்த்தினார்.

“தம்பி, சோறு போடுறவனைக் கூப்பிட்டு முன்னுக்கு இருத்திப்போட்டு அவன்ர ஊர்க் குப்பையைக் கிளறப் போறியோ? உனக்குக் கடிதம் வேணுமோ, உந்த மூண்டு வரி வேணுமோ?”

நான் வாதாடவில்லை. அதுதான் உண்மை. வாதாடியதாக நினைவிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்குள்ளேயே ஒரு வக்கீல் எழும்பி, புது நகரம் கட்டியது மணல்மேட்டின் மேலேதான், பழைய ஊர் அதற்குத் தெற்கே தள்ளி இருந்தது, ஆகவே அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகாது என்று வழக்குப் பேசினான். மூன்று வசனத்தையும் வெட்டினேன். வெட்டிய இடம் ஓட்டையாகத் தெரிந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு வாங்கிய வாய் அல்லவா, அந்த ஓட்டையை அலங்காரத்தால் அடைத்தேன்: முன்பு அங்கே வெறும் மணல்தான் இருந்தது, மனிதக் கைகள் வந்தன, மணல் நகரமானது. பிரெஞ்சில் அதை ஐம்பது தடவை சொல்லிப் பாடமாக்கினேன். வெட்டியதைப் பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொல்லவில்லை. கடைசிக் கிழமை இரண்டு வகுப்புக்கும் பிந்திப் போய், கதவடியில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்தேன்.

விழா ஆனி மாதத்து மாலையில். வெளியே நல்ல வெயில். பக்கத்துக் கதிரைக்காரர் கறுப்புக் கோட்டுப் போட்டு, தலைமயிரை ஈரமாகச் சீவி, முன்வரிசையில் இருந்தார். திராட்சை இலையில் சோறு சுற்றி அவித்த பலகாரத்தை ஒரு பெரிய அலுமினியத் தட்டம் நிறையக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையிலிருந்த தன் தொப்பியை எடுத்தார், நான் உட்காருவதற்காக. நான் முதலாளியை அழைத்துக்கொண்டு மறுபக்கம் போனேன்.

என் முறை வந்தது. முதலில் முதலாளியை எழுப்பி, அண்ணையின் கல்யாணச் சரிகைச் சால்வையை அவருக்குப் போர்த்தினேன். வகுப்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. குளிர்கிறதா என்று யாரோ கேட்டார்கள். அந்தக் குட்டை மனிதர் சால்வைக்குள் புதைந்துபோய், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். இந்த நகரத்தின் மைந்தர் நம்மிடையே இருக்கிறார் என்று ஆரம்பித்தேன். அப்போது முன்வரிசைக்காரர் சால்வையையும் அதற்குள் இருந்தவரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் அப்போதும் கோபமில்லை, காத்திருப்புத்தான் இருந்தது.

பேச்சுத் தண்ணீராக வந்தது. லொறியில் வந்த தாய், மின்நிலையம், கடலுக்குள் கொட்டிய கல், பொட்டாசு, தோடம்பழம், கிரேன். மூன்று வசனம் வரவேண்டிய இடம் நெருங்கியபோது அவர் கதிரையில் முன்னால் நகர்ந்து, காதைக் கொஞ்சம் சாய்த்தார். தன் ஊரின் பெயரை ஒரு அந்நிய வாய் ஒரு அந்நிய மொழியில் சொல்வதைக் கேட்கத்தான் அவர் கோட்டுப் போட்டு வந்திருந்தார். நான் கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு, முன்பு அங்கே வெறும் மணல்தான் இருந்தது என்று சொன்னேன். முடித்தேன். எல்லாரும் தட்டினார்கள்.

கேள்வி இருக்கிறதா என்றாள் ஆசிரியை. அவர் கையை உயர்த்தினார். அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிட மோசம். இரண்டு சொல்தான் கேட்டார்.

“அதற்கு முன்பு?”

மணல் என்றேன்.

“மணலுக்கு முன்பு?”

யாரோ ஒருத்தி மெல்லச் சிரித்தாள். கிழவர் பகிடி விடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு அந்தச் சிரிப்பு ஒரு கயிறு மாதிரிக் கிடைத்தது. பிடித்துக்கொண்டேன்.

“மணலுக்கு முன்பும் மணல்தான், ஐயா,” என்றேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். உயர்த்திய கையை அவர் மெதுவாகக் கீழே இறக்கி, மடியில் மற்றக் கையின்மேல் வைத்துக்கொண்டார். எழுந்து போய்விடுவார் என்று பார்த்தேன், போகவில்லை. எனக்குப் பின்னால் பேசிய இரண்டு பேரின் பேச்சையும் கேட்டார். அவர்களுக்கும் தட்டினார். தன் முறை வந்தபோது, தயாரித்து வரவில்லை என்று ஆசிரியையிடம் சொன்னார். எல்லாரும் பலகாரத்தைச் சூழ்ந்த நேரத்தில் போய்விட்டார். உன் நண்பர் தட்டத்தை மறந்துவிட்டார், கொடுத்துவிடு என்று ஆசிரியை கழுவிய தட்டத்தை என் கையில் தந்தாள். அந்தத் தட்டம் எங்கள் அறையிலேயே கிடந்தது. அண்ணை அதில் அரிசி களைந்தார்.

முதலாளி என்னைத் தன் காரில் மெட்ரோவரை கொண்டுவந்தார். சால்வையை மடித்து என் மடியில் வைத்திருந்தார். நான் கடிதப் பேச்சை எப்படித் தொடங்குவதென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தெருவைப் பார்த்தபடி, அந்தக் கேள்வி கேட்டவர் எந்த ஊர் என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்றைய நாளின் இரண்டாவது பொய். முதலாவதை விட இலகுவாக வந்தது.

கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு, நாங்கள் போய் இறங்கிய முதற்கோடையில் கையில் காசில்லை, பசி, மணலுக்குள் நடந்துபோனால் அத்தி மரங்கள் நிற்கும், என் தம்பி தங்கைகள் அந்தப் பழத்தைத்தான் தின்றார்கள் என்றார். யாருடைய மரம் என்று அம்மா ஒருநாளும் கேட்கவிடவில்லையாம்.

“மணல் தானாக அத்தி நடாது,” என்றார். “எனக்கு அது தெரியும். உனக்கும் தெரியும் என்று நினைத்தேன். உன் ஊரைப் பற்றி நீ சொல்லியிருக்கிறாய் அல்லவா?”

மெட்ரோ வாசலில் காரை நிறுத்தி, கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்துத் தந்தார். வக்கீல் தாமதித்துவிட்டார், மன்னித்துக்கொள் என்றார். கடிதத்தைப் படிக்கட்டில் நின்று பிரித்தேன். நிரந்தர வேலை, நம்பிக்கையான தொழிலாளி, குடும்பத்தைப் பராமரிக்கக்கூடியவர், எல்லாம் இருந்தது. மேலே போட்டிருந்த திகதி திங்கட்கிழமையுடையது. நான் பேசியது வியாழக்கிழமை.

அந்தப் படிக்கட்டில் எனக்கு வந்தது வெட்கம் என்று சொன்னால் போதாது. விலை கேட்காமலே நான் என்னைக் கொண்டுபோய் விற்றிருக்கிறேன். அதுவும் வாங்க ஆளில்லாத சந்தையில். செய்தித்தாளில் எங்கள் ஊரைக் காடென்று எழுதியவனுக்கும் என்னைப்போல ஒரு பெண்சாதியும் பிள்ளையும் இருந்திருக்கும், ஒரு கடிதம் தேவைப்பட்டிருக்கும். அதுவரை நான் அவனை ஒரு மனிதனாகவே நினைத்ததில்லை. மனிதன்தான். என்னைப் போலவே.

மன்னிப்புக் கேட்கப் போகவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். போனேன். ஆவணியில் ஒரு சனிக்கிழமை அந்த வெதுப்பகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் மா படிந்த கையோடு தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றார். தட்டத்தைக் கொண்டுபோகவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொல்லித் திரும்பினேன். பிறகு தட்டம் இருந்தும் போகவில்லை.

அடுத்த வருடம் பனிக்காலம் முடிகிற நேரத்தில் மனைவியும் மகளும் வந்தார்கள். ரொக்ஸ்பரோவில் ஒரு சின்ன அடுக்குமாடி எடுத்திருந்தேன். முதலாளி ஒரு பெட்டி தோடம்பழம் கொடுத்தனுப்பினார், வந்தவர்களுக்கென்று. இரண்டாம் நாள் மனைவி ஜன்னலடியில் நிலத்தில் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு பழம் உரித்தாள். உரித்தபடியே கதை சொன்னாள். புறப்படுவதற்கு முன் துணிந்து ஒருக்கால் எங்கள் ஊருக்குப் போய்ப் பார்த்தாளாம். வீட்டில் வேறு ஆட்கள். அப்பா வைத்த தேசிமரம் காய்த்துத் தொங்கியதாம். அந்த வீட்டுப் பெண் நல்லவள், இவளை வழிப்போக்கி என்று நினைத்து, வெயிலுக்குப் பிழிந்து குடிக்க நல்லது என்று நாலு தேசிக்காய் பிடுங்கிக் கொடுத்தாளாம். வாங்கிக்கொண்டு தெருவளைவு வரை வந்து, அங்கே வேலிக்குள் எறிந்துவிட்டு வந்தாளாம்.

“தின்ன மனம் வரேல்லையப்பா,” என்றாள்.

அவள் கையிலிருந்த பழத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த சின்னத் தாளைக் கண்டாள்.

“இது உங்கட முதலாளியின்ர ஊர்ப் பழமோ? நீங்கள் மேடையில பேசிக் கைதட்டு வாங்கின ஊர்?”

ஓம் என்றேன். கைதட்டை மட்டும் நான் அவளுக்கு எழுதியிருந்தேன்.

“அங்க முந்தி ஆரும் இருந்தவையோ?”

அவள் சும்மா கேட்கவில்லை. பழத்தைக் கையில் பிடித்தபடி, பதில் வரட்டும் என்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். மகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

“இல்லை,” என்றேன். “வெறும் மணல்.”

“அப்ப நல்லம். ஒருத்தற்ற வயித்தெரிச்சலும் இல்லாத பழம். பிள்ளைக்குக் குடுக்கலாம்.”

சுளையைப் பிரித்து, வெள்ளை நாரையும் விதையையும் எடுத்துவிட்டு, மகளின் வாயில் வைத்தாள். அடுத்த சுளையை எனக்கு நீட்டினாள். வாங்கித் தின்றேன்.